முதுகுக்குத் தக்க சேணம்

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டனைப் பார்ப்பார்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரைப் பார்ப்பார்கள். பர்மிங்ஹாமில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடும் வால்ஸாலுக்கு மட்டும் யாரும் வழி கேட்பதில்லை. அது ஒரு தொழில் நகரம், அவ்வளவுதான். ஆனால் குதிரை வளர்க்கும் வீட்டாரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். வால்ஸால் என்றால் சேணம்! 1888-ல் தோன்றிய அவ்வூர்க் கால்பந்துக் குழுவின் செல்லப் பெயர்கூட 'சேணக்காரர்கள்' என்பதுதான்.

நம் சகோதரிகளுக்கு ஒரு விசேஷச் செய்தி. 2022-ல் காலமான எலிஸபெத் மகாராணியின் கையில் எப்போதும் ஒரு கைப்பை தொங்குமே, நினைவிருக்கிறதா? அதைச் செய்துகொடுத்த லானர் கம்பெனியின் பட்டறையும் இந்த ஊரில்தான்.

ஆதியில் இது கொல்லர்களின் ஊர். கடிவாள இரும்பு, அங்கவடி, கொக்கி, வளையம் என்று அடித்துக் குவித்தார்கள். பிறகு இரும்பைத் தேடித் தோல் வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேணத் தொழில் செழித்தது. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் ராணுவத்துக்கு மலை மலையாகச் சேணங்கள் போயின. அப்புறம் மோட்டார் வந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இருந்தாலும் தொழில் அடியோடு அழிந்துவிடவில்லை.

சேணம் செய்வதைப் பார்த்தால் தையல் தெரிந்த பெண்கள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கத்திலிருந்தும் செலுத்தி இழுக்கிறார்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் விட்டுக்கொடுக்காது. இந்தத் தோலுக்கெல்லாம் உள்ளே ஒரு சட்டம் இருக்கிறது. மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டி வளைத்து, எஃகால் பலப்படுத்திய அந்தச் சட்டத்தை 'மரம்' என்றே சொல்கிறார்கள். அடியில் கம்பளி திணித்த இரண்டு மெத்தைகள். நடுவில் வாய்க்கால் போல ஓர் இடைவெளி. முதுகெலும்பின் மேல் பாரம் விழாமல் காப்பது அந்த இடைவெளிதான்.

எந்தக் குதிரைக்குச் சேணம் அமைவது கஷ்டம்? பந்தயக் குதிரைக்கு என்றுதானே நினைப்போம்! 'காப்' என்ற ரகமும் அதற்குச் சளைத்ததல்ல.

வால்ஸாலுக்கு மேற்கே இருக்கும் வேல்ஸ் நாட்டின் 'காப்' பெயர்பெற்றது. நாலரை அடிக்குச் சற்று மேற்பட்ட உயரம், குட்டைக் கால், தடித்த கழுத்து, பீப்பாய் போன்ற உடம்பு, சாதுவான குணம். மோட்டார் வருவதற்கு முன் டாக்டரையும் வியாபாரியையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது இதுதான். இத்தனை அகலமான முதுகில் எதை வைத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சங்கடம். மற்றக் குதிரைகளுக்குக் கழுத்து முடியுமிடத்தில் ஒரு மேடு எழும்பி நிற்கும். சேணம் அதை ஒட்டி நிலைத்துவிடும். 'காப்'புக்கு அந்த மேடு தணிவு. உருண்ட முதுகில் சேணம் பக்கவாட்டில் உருளும், இல்லையேல் முன்னே நழுவும். உடனே வயிற்று வாரை இன்னும் இரண்டு துளை இறுக்குகிறார்கள். பாவம், அதற்கு மூச்சு முட்டுகிறது!

"அகலமான சேணமாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினாலும் போதாது. அகலம் வேறு, வடிவம் வேறு. பல சேணங்களின் முன்வளைவு கூரை போலச் சரிந்திருக்கும். 'காப்'புக்கோ கூடையைக் கவிழ்த்தாற்போன்ற வளைவு வேண்டும். கூரை வடிவில் குறுகலானதை வைத்தால் இரு பக்கமும் கிள்ளும். மிக அகலமானதை வைத்தால் முன்பக்கம் சாய்ந்து தோள் மேல் உட்காரும்.

ஆகவே அனுபவசாலிகள் குதிரையைச் சமதரையில் நிறுத்தி, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ஓர் அளவுகோலைத் தோள் எலும்புக்குப் பின்னால் பதித்து, அந்த வளைவைக் காகிதத்தில் வரைந்துகொள்கிறார்கள். பிறகு துணி விரிக்காமல் வெறும் முதுகில் சேணத்தை வைக்கிறார்கள். தோள் எலும்பு தாராளமாக அசைய வேண்டும். சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. 'காப்'பின் முதுகு நீளத்திலும் குட்டை. ஏறுகிறவர் கனத்த சரீரமாக இருந்தால் அவருக்கு வேண்டிய ஆசனம் அதன் முதுகில் அடங்காமலே போகலாம். அப்போது விட்டுக்கொடுக்க வேண்டியவர் ஏறுகிறவர்தான். முன்வளைவுக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி இருக்க வேண்டும். மெத்தை நெடுகிலும் ஒரே சீராகப் படிய வேண்டும்.

இதில் தவறினால் என்ன ஆகும்? சேணத்தைக் கண்டதும் காதை மடக்கும், வாரை இழுத்தால் கடிக்க வரும், நடக்க மறுக்கும். வீட்டில் எல்லோரும் "அடம் பிடிக்கிறது" என்பார்கள். சாட்டைகூட வரும். அடம் என்று தோன்றுவது பல சமயம் வலிதான். கடிக்கிற செருப்பை நாம் கழற்றி எறியலாம். அது எதைக் கழற்றும்? நாள்பட அழுத்திய இடத்தில் ரோமம் வெள்ளையாக முளைத்துவிடும். கறுப்புக் குதிரையின் முதுகில் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தால், பழைய சேணம் எங்கே கடித்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு முறை பொருந்தினால் போதும் என்றும் இருக்க முடியாது. வசந்த காலத்துப் பசும்புல்லைத் தின்று 'காப்' மளமளவென்று பருத்துவிடும், மாரியில் இளைக்கும். தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை பொங்கலுக்குப் பிடிப்பது நமக்குத் தெரியாததா! வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஆளை வரவழைத்துப் பார்ப்பதும், கட்டிதட்டிய கம்பளியை எடுத்துப் புதிதாகத் திணிப்பதும் நல்லது. 1966-ல் இங்கிலாந்தில் தோன்றிய சேணக் கைவினைஞர்களின் சங்கம் ஒன்று இதற்கென்று பயிற்சி தந்து தகுதிச் சான்று கொடுக்கிறது.

அப்படித் தேர்ந்த ஒருவர், வைத்த உடனே விலை பேசமாட்டார். ஆளை ஏறச் சொல்லி, வலமும் இடமும் நடத்திப் பார்த்து, மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் தடவுவார். மனசுக்குத் திருப்தி இல்லையென்றால், "இது இந்தக் குதிரைக்கு ஆகாது" என்று சொல்லிச் சேணத்தை மறுபடி வண்டியில் ஏற்றிவிடுவார். அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடமே பணத்தைக் கொடுக்கலாம்.