கஞ்சிக்கு அடியில் வெண்ணெய்

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் யூர்கோர்டன் என்றொரு தீவு. அதன் மேட்டில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891-ல் தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளில் இருந்த பழைய பண்ணை வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, இங்கே மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். மோரா வட்டாரத்துப் பண்ணை அவற்றில் ஒன்று. மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு, முற்றம், தொழுவம், தானியம் வைக்கும் களஞ்சியம் என எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

இப்படிப்பட்ட பண்ணைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒருவரும் குடியிருந்தார் என்பது அந்நாட்டு விவசாயிகளின் பழைய நம்பிக்கை. ஸ்வீடனில் அவர் பெயர் டொம்டே. நார்வேயிலும் டென்மார்க்கிலும் நிஸ்ஸே. சிறு பிள்ளை உயரம், நரைத்த தாடி, சாம்பல் நிற உடை, தலையில் சிவப்புக் குல்லாய். ‘டொம்ட்’ என்றால் வீட்டு மனை. அதிலிருந்து வந்த பெயர் இது. காட்டை அழித்து அந்த நிலத்தை முதன்முதலில் திருத்தியவரின் ஆவிதான் அவர் என்று பல ஊர்களில் சொல்வார்கள்.

பகலில் அவரைப் பார்க்க முடியாது. வீடே உறங்கிய பிறகு தொழுவத்துக்கு வருவார். மாடுகளைத் தடவிக் கொடுப்பார், குதிரைக்குத் தீனி வைப்பார். மாட்டை அடிப்பவனுக்கும், தீனி வைக்காமல் தூங்கப் போகிறவனுக்கும் கன்னத்தில் அறை விழும்.

அந்த நாட்டுக் குளிர்காலத்தை நினைத்துப் பார்த்தால் இந்தக் காவலின் அருமை விளங்கும். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் பொழுது ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான். வெளியே பனி, மேய்ச்சல் கிடையாது. கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லை வைத்துத்தான் மாதக்கணக்கில் மாடுகளைக் காப்பாற்ற வேண்டும். கணக்கு தப்பினால், வசந்தம் வரும்போது மாடு எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடக்கும். தீனி வைக்கிறவரின் கை சுத்தமாக இருந்தால்தான் பண்ணை பிழைக்கும்.

அந்தப் புல்லால் பகையும் வந்தது. டொம்டே தன் பண்ணைக்காக அக்கம்பக்கத்துப் பரணில் புல் திருடுவார் என்றும் நம்பினார்கள். ஒரு வீட்டு மாடு மட்டும் கொழுத்திருந்தால், ‘அவன் வீட்டு டொம்டே நம் புல்லைக் கொண்டுபோகிறது’ என்று பேச்சு கிளம்பும்.

இத்தனை உழைப்புக்கும் அவர் கேட்ட கூலி கொஞ்சம்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஒரு கிண்ணம் கஞ்சி. அதன் மேல் ஒரு கட்டி வெண்ணெய். இதைப் பற்றி மூன்று நாடுகளிலும் ஒரு கதை உண்டு. வேலைக்காரப் பெண் ஒருத்தி வேடிக்கைக்காக வெண்ணெயைக் கிண்ணத்தின் அடியில் வைத்து, மேலே கஞ்சியை ஊற்றிவிட்டாள். வெண்ணெயைக் காணாத நிஸ்ஸே கோபத்தில் தொழுவத்துக்குப் போய், அங்கிருந்த நல்ல பசுவைக் கொன்றுவிட்டார். திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தபோது அடியில் வெண்ணெய்! மனம் பொறுக்கவில்லை. இரவோடு இரவாக அக்கம்பக்கத்துப் பண்ணைக்குப் போய், செத்த பசுவைப் போலவே ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து அதே இடத்தில் கட்டினாராம். பசுவைப் பறிகொடுத்த அந்த வீட்டுக்காரரைப் பற்றிக் கதை பேசுவதில்லை.

மதம் இந்த வழக்கத்தை விரும்பவில்லை. 1300-களில் வாழ்ந்த புனித பிர்கிட்டாவே மனைத் தெய்வங்களை வணங்குவதைக் கண்டித்திருக்கிறார். ஆனாலும் கஞ்சிக் கிண்ணம் நூற்றாண்டுக் கணக்கில் தொழுவத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

1881-ல் விக்டர் ரீட்பெர்க் டொம்டேயைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். யென்னி நீஸ்ட்ரோம் அதற்குப் படம் வரைந்தார். அதன் பிறகு அவர் மெல்ல மெல்லக் கிறிஸ்துமஸ் பரிசு கொண்டுவரும் தாத்தாவாக மாறிவிட்டார். இன்று கடைகளில் பொம்மையாக நிற்கிறார். வீட்டு வாசலுக்குப் பரிசு மூட்டையோடு வருகிறார். பழைய டொம்டே கொடுக்க வந்தவர் அல்ல, கூலிக்கு உழைத்தவர். அந்தக் கூலியில் குறை வைத்தால் அவர் பண்ணையை விட்டே போய்விடுவார், அவரோடு அதிர்ஷ்டமும் போய்விடும் என்று பயந்துதான் வெண்ணெயை எல்லாரும் பார்க்கும்படி மேலேயே வைத்தார்கள்.