வலது காதுக்கு வராத தாலாட்டு

எத்தனை மைக் சொருகும் ஆடியோ இன்டர்ஃபேஸாக இருந்தாலும், பல ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் முதல் 2 இன்புட்டைத்தான் தாமாக எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ என்றால் 1 இடது காதுக்கு, 2 வலது காதுக்கு. கீபோர்டுக்கு இது சௌகரியம். ஒற்றைக் குரலுக்கு? மைக் 1-ல் இருந்தால் வலது பக்கம் மௌனம். 3-ல் இருந்தால் இரண்டு பக்கமும்! பாடுகிறவரைக் கேட்காமல் யாரோ எடுத்து வைத்த முடிவு.

அம்மாவின் தாலாட்டை, 1-ல் மைக் சொருகித்தான் பதிந்து அனுப்பினான் தம்பி. போன் ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்டது. மாமாவுக்கு இடது காது கேட்காது; ஹெட்போனில் ஒன்றுமே வரவில்லை. இன்னொரு தடவை பாட அம்மாவுக்கு மூச்சு போதாது. தம்பி இடது பக்கத்தை மட்டும் எடுத்து, 'மோனோ' ஆக்கி, இரண்டு காதுக்கும் கொடுத்தான்.

மாமா உடனே போன் செய்தார். "நடுவுல அக்கா இருமுறாளேம்மா... டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"