கணினிக்குப் புரியாத ஒன்றேகால் லட்சம்

பென்னாகரத்தில் எனக்கு ஒரு நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒகேனக்கல் நீர்வரத்தைத் தினமும் பேப்பரில் பார்த்து நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை, தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வளக் குழுமம் அளக்கிறது. வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாம் படிக்கிறோமே, அந்தக் கணக்கு.

நோட்டில் இருந்ததை அவர் பேரன் அப்படியே டெக்ஸ்ட் ஃபைலாக அடித்துக் கொடுத்துவிட்டான். தேதி, பக்கத்தில் நீர்வரத்து. "அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு, சொல்லுங்க சார்" என்று என்னிடம் அனுப்பினார்.

இதற்கு ஷெல்லில் 'ஆக்' என்றொரு கருவி இருக்கிறது. 1977-ல் பெல் ஆய்வகத்தில் அஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் எழுதியது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். வேலை எளிது. முதல் வரியில் உள்ள எண்ணையே பெரியது, சிறியது இரண்டாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த வரிகளில் அதைவிடப் பெரியது வந்தால் பெரியதை மாற்று, சிறியது வந்தால் சிறியதை மாற்று. பூஜ்யத்தில் தொடங்கக் கூடாது. தொடங்கினால் குறைந்தபட்சம் கடைசிவரை பூஜ்யமாகவே நிற்கும்.

ஓடவிடும் முன் ஃபைலைத் திறந்து பார்த்தேன். பத்திரிகை நடை அப்படியே இருந்தது. 8,000 என்று கமாவோடு. 'ஆக்' அதை எண்ணாக மாற்றும்போது கமாவோடு நின்றுவிடும். எட்டாயிரம் வெறும் எட்டு! வெள்ள நாட்களில் '1.25 லட்சம்' என்று எழுதியிருந்தார். லட்சம் என்ற சொல் அதற்கு எதற்கு? அது எடுத்துக்கொள்வது ஒன்றேகாலை. அருவியே தெரியாமல் வெள்ளம் பாய்ந்த நாள், நோட்டிலேயே குறைந்த நீர்வரத்தாகிவிடும். தீபாவளி, பொங்கலுக்கு மறுநாள் பேப்பர் வராது, அந்த வரி காலி. காலி இடமும் அதற்குப் பூஜ்யம்தான். பொங்கல் தவறாமல் காவிரி வற்றியிருக்கும்!

கமாவை நீக்கச் சொல்லி, லட்சம் இருந்தால் நூறாயிரத்தால் பெருக்கச் சொல்லி, காலி வரிகளைத் தாண்டச் சொன்னேன். மூன்று கூடுதல் வரிகள், அவ்வளவுதான். விடையை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நண்பருக்கு அனுப்பினேன்.

அவர் அதை ஒரு பரிசல்காரரிடம் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் கேட்ட கேள்வி வேறு. "பெரிய வெள்ளத்துல பரிசல் ஓடாதுன்னு எங்களுக்கே தெரியும் வாத்தியாரே. எவ்வளவு தண்ணி வரைக்கும் ஓட்ட விட்டாங்க, எவ்வளவுல நிறுத்தினாங்க, அதச் சொல்லுங்க." தடை போட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. அவருக்கு வேண்டியது பரிசல் ஓடிய நாட்களின் அதிகபட்சமும், நிறுத்திய நாட்களின் குறைந்தபட்சமும்.

'ஆக்' அதையும் சொல்லும். ஆனால் நோட்டில் அந்த விவரம் கிடையாது. நண்பர் இப்போது நீர்வரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்து, 'ஓடியது', 'தடை' என்று எழுதி வருகிறார். லட்சம் என்று எழுதுவதை மட்டும் விட்டபாடில்லை.