கரியாஹாட்டின் சமையலறைகளும் பின்புறப் படிக்கட்டும்

தென்கொல்கத்தாவின் கரியாஹாட் நாற்சந்தியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது ஹிந்துஸ்தான் பார்க். வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி 1926இல் பெருநூல் வெளியிட்ட சுனிதி குமார் சாட்டர்ஜி (1890–1977) வாழ்ந்த ‘சுதர்மா’ இல்லம் அங்குதான் இருக்கிறது. மொழியியல் பயில்வோருக்கு அது ஏறக்குறைய ஒரு திருத்தலம். பின்னாளில் ஃபேப்இந்தியா ஆடையகம் அதில் குடியேறியதால், துணி வாங்கச் செல்வோருக்கும் அவ்வீடு அறிமுகமாயிற்று. அக்கம்பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றுக்கு இந்த வாழ்வுகூடக் கிட்டவில்லை. ‘ப்ரொமோட்டர்’ என்று கொல்கத்தா அழைக்கும் கட்டுநர்கள் அவற்றை இடித்து அடுக்ககங்களாக எழுப்பிவிட்டனர்.

இத்தகைய எளிய வசிப்பிடங்களும் மரபுச் செல்வமே என்று எழுத்தாளர் அமித் சௌதுரி 2015இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அப்போது முதல் சிவப்பு ஆக்சைடு தரை, பச்சை வண்ணச் சரிபலகைச் சன்னல், மொட்டைமாடி, வாசலில் அமர்ந்து கதை பேசும் ‘ரக்’ என்னும் திண்ணை ஆகியவை அடிக்கடி பேசப்படுகின்றன. சமையலறைக்கும் குளியலறைக்கும் அப்படி வாதாட எவரும் இல்லை. வீட்டைக் காப்பாற்றும் உரிமையாளரும் முதலில் உடைப்பது இவ்விரண்டையே.

அதில் வியப்பில்லை. பழைய ‘ரான்னாகர்’ என்னும் சமையலறை, கரி அடுப்பின் புகைக்கு அஞ்சி வீட்டின் பின்புறத்துக்கு ஒதுக்கப்பட்டது. உயர்சாதி இல்லங்களில் விதவைகளுக்குத் தனிச் சைவச் சமையல். மீன் பட்ட பாத்திரம் அங்கே நுழையக் கூடாது. இரவு பகலாகப் புகையில் நின்றவர்களின் நினைவில் அந்த அறை கவிதையாக இருந்திருக்க முடியாது. குளியலறையின் கதை இன்னும் கடுமையானது. பல வீடுகளின் பின்சுவரை ஒட்டி இரும்புச் சுழற்படிக்கட்டு ஒன்று ஏறும். கழிவறையைத் தூய்மை செய்ய வரும் ‘மேத்தர்’ வீட்டுக்குள் கால் வைக்காமலேயே மாடிக்குச் சென்று திரும்புவதற்கான வழி அது. இன்று ஒளிப்படக் கலைஞர்கள் விரும்பிப் படமெடுக்கும் அப்படிக்கட்டு, இரும்பில் வார்க்கப்பட்ட தீண்டாமை.

சாட்டர்ஜியின் நூல் வெளிவந்த அதே 1926இல், ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ ஆறரைச் சதுர மீட்டர் பரப்பில் மேடை, இழுப்பறை, அடுப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தன. பெண்ணின் நடையைக் குறைப்பதே நோக்கம். சிக்கனத்துக்காகப் பிறந்த அச்சிந்தனைதான் இன்று கரியாஹாட்டில் ‘மாடுலர் கிச்சன்’ என்ற பெயரில் ஆடம்பரப் பொருளாக விற்கப்படுகிறது. மேடை வந்ததும் உடல் எழுந்து நின்றது. தரையில் குந்தி அரியும் ‘பொட்டி’, அதாவது நம் அரிவாள்மணை, பரணுக்குப் போயிற்று. ஆனால் வங்காளி மீனை விடவில்லை. பெரிய பொட்டிகள் கரியாஹாட் சந்தையின் மீன்கடைகளில் இன்றும் உழைக்கின்றன. ரோகு அங்கேயே துண்டாகிப் பையில் ஏறுகிறது. சமையலறையின் ஒரு பகுதி சந்தைக்கு இடம்பெயர்ந்துவிட்டது எனலாம். (அடுப்பின் மேல் மாட்டும் மின் உறிஞ்சிக்குச் ‘சிம்னி’ என்று பெயர் நிலைத்ததும் சுவையானது; புகைபோக்கியே இல்லாத வீட்டிலும் சொல் மட்டும் புகுந்துவிட்டது.)

பழைய வீட்டில் குளியலறையைப் புதுப்பிப்பது எளிதன்று. இரும்பு உத்தரங்களின் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் ஓடு, சுண்ணாம்புக் காரை என அமைந்த ‘கடி-பர்கா’ தளம் ஈரத்தைப் பொறுக்காது. இத்தாலியப் பளிங்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கப்பட்டாலும், அடியில் நீர்க்காப்பு பிழைத்தால் கசிவு உத்தரத்தைத் துருவாக அரிக்கும். அதனால்தான் நல்ல மேஸ்திரி, ஓடு பதிக்கும் முன் தரையில் நீரைத் தேக்கி ஓரிரு நாள் கீழ்வீட்டின் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவசரப்படும் உரிமையாளருக்கு அந்தக் காத்திருப்பு வீண்செலவாகத் தோன்றும்.

இத்தனை செலவில் பளபளக்கும் தரையை நாள்தோறும் துடைப்பவர் யார்? விடியும் முன் தெற்கு 24 பர்கானாக்களிலிருந்து கேனிங் தடத்து ரயிலில் ஏறிப் பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கும் பெண்கள். அந்த ரயிலுக்கு நகரம் இட்ட பட்டப்பெயர் ‘ஜி ஸ்பெஷல்’. ‘ஜி’ என்ற வங்கச் சொல்லின் மூலப்பொருள் மகள். வடமொழி ‘துஹித்ரு’ பாலியில் ‘தீதா’வாகி, வங்கத்தில் ‘ஜி’ ஆயிற்று. மகளைக் குறித்த சொல் வேலைக்காரியைக் குறிப்பதாகி, பின்பு வசையாகவும் இழிந்தது. கூச்சம் கொண்ட நடுத்தர வர்க்கம் இன்று ‘மாசி’, அதாவது சித்தி அல்லது பெரியம்மா, என்று அழைக்கிறது. உறவுச்சொல் மாறியது, கழிவறைக் கதவு பல வீடுகளில் அவர்களுக்குத் திறக்கவில்லை. நான்கைந்து வீடுகளில் வேலை முடித்து ரயிலேறும் வரை அடக்கிக்கொள்வதும், அதற்காகவே நீர் அருந்தாமல் இருப்பதும் அவர்களின் அன்றாடம். 2018இல் மேற்கு வங்க வீட்டுப் பணியாளர் அமைப்பான ‘பஸ்சிம் பங்க கிருஹ பரிச்சாரிகா சமிதி’ தொழிற்சங்கப் பதிவு பெற்றது. பேரம் பேச ஓர் அமைப்பு கிடைத்தது. வீட்டின் வரைபடம் இன்னும் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது.

புதிய அடுக்கக வரைபடங்களில் சுழற்படிக்கட்டைக் காண முடியாது. மூன்று படுக்கையறை என்றால் மூன்று குளியலறை, விருந்தினருக்கு இன்னொன்று. பணியாளருக்கென ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் தரைத்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இருக்கும். ஏழாம் மாடியில் பாத்திரம் துலக்குபவர், கையைத் துடைத்துக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்திருந்து கீழே போய்வர வேண்டும்.