மலைமேல் ஒரு மடிக்கணினி

2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்கக் காலம். வகுப்பறைகள் கைப்பேசிக்குள் குடியேறியிருந்தன. என் இளங்கலைத் தமிழ் வகுப்பில் ஒரு மாணவி மட்டும் இணைய வகுப்புக்கு வரவேயில்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளொடுங்கிய சிற்றூர் அவளுடையது. அங்கே சிக்னல் எட்டாது. நானோ நாள்தோறும் அவளை 'வரவில்லை' என்று குறித்து வந்தேன்.

முடக்கம் தளர்ந்தபின் மலையிறங்கி வந்தவள், ஒரு பென் டிரைவை என் மேசைமேல் வைத்தாள். சாமை விதைப்பது முதல் புடைத்துச் சேர்ப்பது வரை தன் ஊரில் வழங்கும் சொற்களைப் பாட்டியிடம் கேட்டுத் தொகுத்திருந்தாள். நாற்பது பக்கங்கள்.

"இதையெல்லாம் எதில் அடித்தாய் அம்மா?"

"பிளஸ் டூவில் கொடுத்த லேப்டாப்தான் ஐயா. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏத்தி வெச்சுக்குவேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, "இலவசம் கல்வியாகுமா?" என்று நண்பர்களிடையே எள்ளி நகைத்தவன் நான்.

என் எள்ளலுக்குச் சான்றுகளும் இருந்தன. நூறு டாலரில் குழந்தைக்கொரு மடிக்கணினி என்னும் கனவை நிக்கோலஸ் நெக்ரோபாண்ட்டே 2005-இல் உலகின்முன் வைத்தார். வெயிலிலும் படிக்கத்தக்க திரை, மிகக் குறைந்த மின்செலவு என்று பார்த்துப் பார்த்துச் செய்த கருவி அது. 2007-இல் உற்பத்திக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 188 டாலராகிவிட்டது. இந்தியா 2006-லேயே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. ஆயினும் அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் நடத்தப்பெற்று 2012-இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மாணவர் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்றில்லை என்றது.

அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. கருவியைக் கொடுத்துவிட்டு ஆசிரியரையும் மின்சாரத்தையும் மறந்தால் அதுதான் நேரும். இங்கும் குடும்பத்தின் அவசரத்துக்கு மடிக்கணினியை அடகு வைத்த மாணவர்களை நான் அறிவேன். ஆனால் தேர்வு மதிப்பெண்ணை அளக்கும் கோல் அந்த நாற்பது பக்கங்களை அளக்குமா? பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கணினி அறைக்குப் பாட்டி வந்திருக்க மாட்டார். கருவி பேத்திக்குச் சொந்தமாக இருந்ததால்தான் பாட்டியின் திண்ணைக்குப் போயிற்று.

பள்ளி மாணவர்க்கான அத்திட்டம் பின்னர் நின்றுபோனது. 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான். இம்முறை நான் எள்ளவில்லை. கேள்வி ஒன்று மட்டும் இருக்கிறது. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்குப் போகும் பிள்ளைகள் அந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரி வாசலில் காத்திருக்கும் கணினி அவர்களை எப்படிச் சென்றடையும்?

அந்தப் பென் டிரைவை நான் திருப்பித் தரவில்லை. அவளிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.