உதறியது காரா, காலா?

80-இல் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதறும். நீலாம்பூரில் பைபாஸ் ஏறினால் போதும், ஆரம்பித்துவிடும். ஊருக்குள், காந்திபுரம் நெரிசலில் 30-இல் ஊர்ந்தால் ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த மகன் ஒருநாள் சொன்னான்: "காரு இல்லீங்கப்பா, உங்க காலுதான். விட்டு விட்டு மிதிக்கறீங்க."

72 வயதுக்காரனிடம் இப்படிச் சொன்னால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. "காரைக் குடுத்தர்லாங்கப்பா. எங்க போகோணும்னாலும் சொல்லுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

அவன் அப்படி நினைக்க ஒரு காரணம் இருந்தது. முந்தின வருஷம் வால்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினோம். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு பக்கமிருந்து எண் போட்டிருப்பதால் இறங்கும்போது 40, 39 என்று எண்ணிக்கொண்டு வரலாம். பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றாமல் பிரேக்கிலேயே இறங்கினேன். 9-ஆவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தியபோது கருகல் வாடை. அங்கேயே நன்றாக ஆறவிட்டிருக்க வேண்டும். அணையை எட்டிப் பார்த்துவிட்டு உடனே கிளம்பினேன். கீழே செக்போஸ்ட் வரிசையில் பிரேக்கை அழுத்தியபடியே நின்றேன். கொதிக்கிற டிஸ்க்கின் மேல் பேடை அப்படிப் பிடித்து வைத்தால், பிடித்த இடத்தில் பேடின் பொருள் ஒட்டிக்கொள்ளும். வீடு வருவதற்குள் உதறல் ஆரம்பித்துவிட்டது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் "டிஸ்க் சூட்டுல வளைஞ்சு போச்சு" என்று முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் பேடும் புதிதாகப் போட்டார்கள். நாலைந்து மாதம் வெண்ணெய் மாதிரி நின்றது. பிறகு மறுபடியும் உதறல். நான் மலைப்பக்கமே போகவில்லை. அப்போதுதான் மகன் என் காலைக் குறை சொன்னான்.

நான் கணக்குப் போட்டேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் என் கார் சக்கரம் நொடிக்குச் சுமார் 12 சுற்று சுற்றும். உதறலும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. வேகம் குறையக் குறைய உதறலும் மெதுவானது. என் காலுக்கு ஸ்பீடோமீட்டர் கிடையாது.

பிரேக் மிதிக்காமல் 80-இல் போனால் உதறல் இல்லை. ஆக வீல் பேலன்ஸிங் கோளாறு அல்ல. ஆளில்லாத மைதானத்தில் மெதுவாகப் போய், ஹேண்ட்பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சமாக இழுத்துப் பார்த்தேன். சீராக நின்றது; பின்பக்க டிரம் சரி. ஸ்டியரிங்கில் நடுக்கம் என்றால் பெரும்பாலும் முன்பக்கம்தான்.

கணபதியில் ஒரு நண்பர் இருக்கிறார். மில் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர், வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு லேத் போட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, புது டிஸ்க் போடறப்ப ஹப்பைச் சொரண்டுனாங்களா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டுகளால் நன்றாக இறுக்கி, டயல் கேஜை காந்த ஸ்டாண்டில் நிறுத்தி முள்ளை டிஸ்க்கின் ஓரத்தில் தொட வைத்தார். கையால் மெதுவாகச் சுற்றினார். இடதுபக்கம் 0.03 மில்லிமீட்டர் ஆடியது. வலதுபக்கம் 0.13. பிறகு மைக்ரோமீட்டரால் வலது டிஸ்க்கின் கனத்தைச் சுற்றிவர எட்டு இடத்தில் அளந்தார். ஒரு பக்கம் 21.75, எதிர்ப்பக்கம் 21.72. அந்த 30 மைக்ரான்தான் என் டிரைவிங்குக்கே உலை வைக்கப் பார்த்தது.

டிஸ்க்கைக் கழற்றினார். ஹப்பின் முகத்தில், ஒரு ஓரமாக, தலைமுடி கனத்துக்குத் துருப் பொருக்கு. பழைய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டி எடுத்தபோது ஒட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறார்கள். ஹப்பின் விளிம்பில் உள்ள கோணல், டிஸ்க்கின் ஓரத்துக்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும்.

அப்படியானால் மாட்டிய அன்றே ஏன் உதறவில்லை? இதைத்தான் நான் பலநாள் யோசித்தேன். டிஸ்க் கோணலாகச் சுற்றினாலும் கேலிப்பர் அதோடு நகர்ந்து கொடுத்துவிடும், கையில் தெரியாது. ஆனால் பிரேக் போடாதபோதும் டிஸ்க்கின் அதே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்து மெலியும். கனம் ஏறி இறங்கினால் பேடின் பிடியும் ஏறி இறங்கும். அதுதான் உதறல். "வளைஞ்சு போச்சு" என்று எல்லோரும் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். இன்னொரு புது டிஸ்க் போட்டிருந்தாலும் நாலு மாதம் கழித்து இதேதான் நடந்திருக்கும்.

டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் 20 என்று பொறித்திருந்தது. அதனால் இரண்டையும் லேத்தில் ஏற்றி, இருபுறமும் மெலிதாகச் சீவினார். ஹப்பை கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளி மாதிரி தேய்த்தார். மறுபடி மாட்டி அளந்தபோது வலதுபக்கம் 0.02. பேடுகளையும் உப்புத்தாளில் தேய்த்து மட்டம் செய்தார். சக்கர நட்டுகளை எதிரும் புதிருமாக, டார்க் ரெஞ்ச் வைத்து, ஒரே அளவில் இறுக்கினார். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இஷ்டத்துக்கு முடுக்கினாலும் டிஸ்க் கோணும் என்று எனக்கு ஒரு திட்டும் விழுந்தது. காசு வாங்கவில்லை. டீ மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகனையே ஓட்டச் சொல்லி பைபாஸில் கூட்டிப்போனேன். 80-இல் மிதித்தான். இன்னொரு தடவை மிதித்தான். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாவியை டிவி மேல் வழக்கமான ஆணியில் மாட்டினான்.

அடுத்த மாதம் வால்பாறையில் வளைகாப்பு. ஏறும்போது அவன், இறங்கும்போது நான், இரண்டாவது கியரில் என்று பேச்சு.