சோக் கம்பி ஏன் சுட்டது?

எங்கள் அம்பாசடர், அப்பா 1970-ல் வாங்கியது. மார்க் 2. அப்பா போன பிறகு அதை விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு வருடமாக அதைக் காலையில் கிளப்புவது பெரும்பாடாக இருந்தது. செல்ஃப் எடுத்தால் இஞ்சின் முனகி முனகிச் சுற்றும், பற்றாது. சலித்துப்போய்க் கையை எடுக்கிற நேரத்தில் டப்பென்று பற்றிக்கொள்ளும். போதாததற்கு, வாரம் ஒருமுறை பேட்டரி இறங்கிவிடும்.

புது பேட்டரி போட்டாயிற்று. காயில், கண்டென்சர், பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. வண்டி மட்டும் மாறவில்லை.

காரைக்குடியில் எங்களுக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் பெரியவர் வந்து பானட்டைத் திறந்தார். “டெல்கோவக் கழட்டிப் பாத்துருவோம் தம்பி. அதுல இல்லேன்னா கட்-அவுட்டுதான்” என்றார். கட்-அவுட் என்றது சார்ஜை ஒழுங்குபடுத்தும் பெட்டியை. டெல்கோ என்றது டிஸ்ட்ரிபியூட்டரை. சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான். ஆனால் எங்கள் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் லூகாஸ் டிவிஎஸ் என்றல்லவா பொறித்திருக்கிறது? 1961-ல் தொடங்கி, சென்னை பாடியில் தொழிற்சாலை நடத்தும் கம்பெனி அது. பெட்டியில் ஒரு பெயர், மெக்கானிக் வாயில் இன்னொரு பெயர். “அப்ப ‘டெல்கோ’ எங்கேருந்து வந்துச்சுண்ணே?” என்று கேட்டேன். “எங்க மேஸ்திரி சொன்னாரு, நான் சொல்றேன்” என்றார்.

அன்று இரவு அந்தச் சொல்லின் வேரைத் தேடி உட்கார்ந்தேன். தேடல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரில் முடிந்தது. டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்ற பெயரின் சுருக்கம்தான் டெல்கோ. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரும் எட்வர்ட் டீட்ஸும் 1909-ல் தொடங்கியது. கெட்டரிங் அமைத்த இக்னிஷன் இப்படி: பேட்டரி மின்சாரம் காயிலில் ஓடும்; டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் திறந்ததும் அறுபடும்; அறுபடுகிற அந்த நொடியில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாகும். கார் உலகம் அதற்குக் கெட்டரிங் இக்னிஷன் என்றே பெயர் வைத்துவிட்டது. எங்கள் வண்டியில் 0.015 அங்குல இடைவெளியில் திறந்து மூடும் பாயிண்ட்டும் அதே ஏற்பாடுதான்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் சொல்லின் கதையோடு போயிருக்கும். அவரே செல்ஃபுக்கும் தகப்பன் என்று அடுத்துத் தெரியவந்தது. அதற்கு முன்னெல்லாம் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். இஞ்சின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த வேலையை மோட்டாரிடம் கொடுப்பதென்றால் மோட்டார் மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். கெட்டரிங் முன்பு கடைகளின் கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயக்கியவர். சின்ன மோட்டாரானாலும் சில விநாடிக்கு மட்டும் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம் என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. 1912 மாடல் கேடிலாக் காரில் அவருடைய செல்ஃப் வந்தது. ஒரே இயந்திரம் 24 வோல்ட்டில் இஞ்சினைச் சுற்றிவிடும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவே 6 வோல்ட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செல்ஃப், சார்ஜ், பொறி மூன்றும் ஒரே பேட்டரியை நம்பி ஒரே குடும்பமாகப் பிறந்தவை. நான் இரண்டு வருடமாக அவற்றை மூன்று நோயாக வைத்து மூன்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதலில் டைனமோ. டி, எஃப் இரண்டு ஒயரையும் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி, வோல்ட் மீட்டரை அதற்கும் எர்த்துக்கும் இடையில் வைத்து, இஞ்சின் வேகத்தை மெதுவாக ஏற்றினேன். ஆயிரம் சுற்றுக்குள்ளேயே முள் தடுமாறாமல் 20 வோல்ட்டை எட்டியது. டைனமோ நல்ல டைனமோ. அது ஐடிலில் சார்ஜ் கொடுக்காது. அதன் சுபாவம் அப்படி. நானோ காலையில் நிமிடக்கணக்கில் செல்ஃப் அடித்துப் பேட்டரியை உறிஞ்சிவிட்டு, இரண்டு தெரு தள்ளிக் காய்கறிக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பேட்டரி எப்படி நிரம்பும்?

பாயிண்ட்டைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மிச்சம் செல்ஃப்தான். மகளை உள்ளே உட்காரவைத்துச் செல்ஃப் எடுக்கச் சொல்லிவிட்டு, நான் கார்ப்பரேட்டர் பக்கம் குனிந்து நின்றேன். தற்செயலாகச் சோக் கம்பியில் கை பட்டது. சுட்டது. மெல்லிய கம்பி, இஞ்சின் சூடே ஏறாத காலை நேரம். அது ஏன் சுட வேண்டும்?

செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் இஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்பித்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். அதற்கென்று பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. அதன் வழி அடைபட்டதால், நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி சோக் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மீட்டரின் ஒரு முனையை இஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பாடியின் சுரண்டிய இரும்பிலும் வைத்தேன்.

“எடும்மா.”

2.4 வோல்ட்.

“போதுமாப்பா?”

போதும். இரண்டு வருடமாகத் தேடியது அந்த 2.4 வோல்ட்தான். டிஸ்ட்ரிபியூட்டரின் எர்த்தும் பிளாக்தான் என்பதால், செல்ஃப் சுற்றுகிறவரை அந்த இழப்பு காயிலுக்கும் சேரும். கையை எடுத்ததும் காயிலுக்கு முழு வோல்ட் கிடைக்கும், பற்றிக்கொள்ளும். இரண்டு வருடமும் வண்டி தன் நோயை அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில் பளபளவென்று பெயிண்ட். வண்டிக்குப் புது வண்ணம் அடித்தபோது பட்டையைக் கழற்றி, அழகாக அடித்து, அதன் மேலேயே திருப்பி முடுக்கியிருக்கிறார்கள். ஓம் மீட்டரில் வைத்தால் பூஜ்யம் காட்டும். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 150 ஆம்பியருக்கு ஒன்றரை வோல்ட் போய்விடும். வெறும் மீட்டரில் அது தெரியாது, செல்ஃப் சுற்றும்போது அளந்தால்தான் தெரியும்.

இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன். பெரியவரும் பக்கத்தில் இருந்தார். செல்ஃப் எடுத்த வேகத்தில் அரைச் சுற்றிலேயே பற்றியது. மீட்டரில் 0.1. பெரியவர் சோக் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பச்சத் தண்ணியா இருக்கு” என்றார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த பேட்டரி வாங்குமுன், செல்ஃப் சுற்றும்போது பிளாக்குக்கும் பாடிக்கும் இடையே ஒருமுறை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கடைக்குப் போகாதீர்கள். அந்தப் பட்டையின் போல்ட்டைக் கழற்றுங்கள்.